நாற்பத்து மூன்றாம் ஆணி

செப்டம்பர் 14, புதன்

முழங்கால் இரண்டும் விண் விண்ணென்று தெறிக்கிறது. ஏட்டர்பெர்க் மலையின் வடக்குச் சரிவில், மரங்களில் வழி காட்டும் ஒன்பது நீலச் சிலுவைக் குறிகளுக்கு வண்ணம் பூசப் போனேன், நான்குதான் முடிந்தது. மீதி ஐந்துக்கு மரமே இல்லை. பட்டை வண்டு தின்ற ஸ்ப்ரூஸ் மரங்களெல்லாம் வேரோடு சாய்ந்து பாதைமேல் கிடக்கின்றன. மலையேற்றக் கழகத்தில் சொன்னால், "ஒரு கம்பத்தை நட்டுடு, அன்னரோஸ்" என்கிறார்கள். கம்பத்தை யார் சுமந்து ஏறுவதாம்?

உச்சியில், ஏறி வருகிறவர்கள் தங்கள் கையேட்டில் குத்திக்கொள்ளும் முத்திரைப் பெட்டியைச் சுற்றிக் காட்டுப்பன்றிகள் உழுது போட்டிருக்கின்றன. பெர்லின் ஜோடி ஒன்று கையேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றது. "முத்திரையில மை காஞ்சு போச்சுங்க, இவ்வளவு தூரம் ஏறி வந்தோமே" என்று ஒரே புலம்பல். மை பையில்தான் இருந்தது. கொஞ்ச நேரம் புலம்ப விட்டு, பிறகு கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்தால் என் புருஷன் இங்கோல்ஃபின் கோட்டுப் பையில் நாற்பத்து மூன்று. அவனுடைய பித்தளை வில்லை. சுரங்க வாசல் கொட்டகையில் ஆணி அடித்த பலகையிலிருந்து எடுத்துக்கொண்டு உள்ளே போக வேண்டும், வெளியே வந்ததும் மாட்ட வேண்டும். ஆணி காலியென்றால் ஆள் உள்ளே. சுரங்கம் மூடி இத்தனை வருடம் கழித்து, சுற்றுலா வருகிறவர்களுக்கு வழிகாட்டும், அவனையும் சேர்த்து ஆறு பேர்தான் இப்போது உள்ளே போகிறார்கள் என்றாலும் பலகை பலகைதான். இருபத்தாறு வருடம் மலைக்குள் வேலை பார்த்தவன், ஒருநாளும் வில்லையோடு வீடு திரும்பியதில்லை.

செப்டம்பர் 15

யாரும் வருமுன் போய் மாட்டிவிட்டு வந்தேன். என் வண்ண டப்பாக்களும் அந்தக் கொட்டகையில்தான் இருக்கின்றன, அதனால் சாவி என்னிடமும் உண்டு. அவனிடம் சொல்லவில்லை. யாருக்குத்தான் மறதி வராது?

செப்டம்பர் 25, ஞாயிறு

மறுபடியும்.

அக்டோபர் 9, ஞாயிறு

ருப்ரெக்ட் பிடித்துக்கொண்டார். சுரங்கத்தின் பொறுப்பாளர், பலகைக்கும் கேட்டுக்கும் அவர்தான் ராஜா.

"இன்னிக்கு உன் ஆளு அந்த வெள்ளிச் சரம் கதைய மூணு தடவை சொன்னான். வந்தவங்க மூணு தடவையும் கை தட்டுனாங்க, அது வேற விஷயம். உடம்புக்கு ஏதாவதா?"

"முழங்கால் வலி" என்றேன்.

"முழங்காலுக்கும் கதைக்கும் என்னம்மா சம்பந்தம்?"

தூக்கமில்லை என்று மழுப்பினேன். வேறென்ன சொல்ல? தெரிந்தால் அன்றைக்கே வில்லையைப் பிடுங்கிக்கொள்வார். அதுதான் பயம். வீட்டில் கரண்டி எந்த அறையில் என்று தடுமாறுகிறவன், மலைக்குள் போனால் சுவரைத் தொட்டுக்கொண்டே எல்லா வளைவுக்கும் பேர் சொல்கிறான். அந்த ஒரு இடத்தில்தான் அவன் இன்னும் முழுசாக இருக்கிறான். அதையும் எடுத்துவிட்டால்?

அக்டோபர் 22

விடியலில் காட்டாற்றுக்கு மேலே ஒரு லின்க்ஸ் பூனை, காதில் கறுப்புக் குஞ்சத்தோடு. பதினோரு வருடத்தில் இரண்டாவது தடவை. வீட்டுக்கு ஓடிவந்து சொன்னேன். சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரரிடம் தானே பார்த்ததாக இங்கோல்ஃப் சொல்லிக்கொண்டிருந்தான். வைத்துக்கொள்ளட்டும்.

அக்டோபர் 29, சனி

எழுத முடியவில்லை.

அக்டோபர் 30

எழுதித்தான் ஆக வேண்டும்.

நேற்று சுரங்கத்தின் கடைசி நாள். நான்கு மணிக்குக் கேட்டைப் பூட்டினால் குளிர்காலம் முழுக்க உள்ளே தூங்கும் வௌவால்கள் எழும்வரை, ஏப்ரல் வரை, திறக்க மாட்டார்கள். காலையில் இங்கோல்ஃப் முடி வெட்டிக்கொள்ளப் போகிறேன் என்று கிளம்பினான். மதியம் துணி துவைக்க எடுத்தபோது அவனுடைய பழைய கோட்டில் நாற்பத்து மூன்று. புதன்கிழமையே கொண்டுவந்திருக்கிறான், அதற்கப்புறம் நேற்றுதான் சுரங்கம் திறந்தது. ருப்ரெக்ட் கண்ணில் காலி ஆணி பட்டால் வம்பு என்று இரண்டு மணிக்கு ஓடினேன். கொட்டகையில் ஆள் இல்லை. மாட்டிவிட்டு, அப்பாடா என்று வந்துவிட்டேன்.

ஆறு மணியாகியும் ஆள் வரவில்லை. முடி வெட்டுகிறவளுக்கு ஃபோன் போட்டால், "இன்னிக்கு வரவே இல்லையே!"

அப்போதுதான் உறைத்தது. ஐயோ, என்ன பண்ணித் தொலைச்சேன்! அவன் முடியை மறந்துட்டு, கால் பழக்கத்துல மலைக்குப் போயிருக்கான். ஆணி காலியா இருந்துச்சு. சரியாத்தான் இருந்துச்சு. நான் போய் வில்லைய மாட்டி அதை மூடிட்டேன்—

ருப்ரெக்ட் வீட்டுக் கதவை இடித்தேன். "ஆறும் பலகையில இருந்துச்சே, பாத்துட்டுத்தானே பூட்டுனேன்!" என்றார். நான் சொல்லச் சொல்ல அவர் முகம் வெளுத்தது. உடனே சாவியை எடுத்தார்.

இங்கோல்ஃப் கேட்டுக்கு உள்பக்கம் ஒரு கட்டைமேல் உட்கார்ந்திருந்தான். உதடு நீலம் பாய்ந்திருந்தது. தலைவிளக்கை மிச்சப்படுத்த அணைத்து வைத்திருந்தான். இரண்டரை மணி நேரம் அந்த இருட்டில், அந்த ஈரத்தில்.

"பயந்துட்டியா?" என்று ருப்ரெக்ட் கேட்டார்.

"எதுக்குப் பயம்? வரும்போதே பாத்தேன், என் ஆணி காலி. நாலு மணிக்குப் பலகையப் பாத்துட்டுத் தேடி வருவீங்கன்னு தெரியும்."

நான் என் கோட்டைக் கழற்றி அவன்மேல் போர்த்தினேன்.

நவம்பர் 8, செவ்வாய்

கோஸ்லாரில் டாக்டர். கடிகாரம் வரையச் சொன்னார். வட்டம் மட்டும் அழகாக வரைந்தான். நோய்க்கு ஒரு பேர் சொன்னார்கள், இங்கே எழுதப் பிடிக்கவில்லை.

திரும்பும் வழியில் ருப்ரெக்டைப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன், செப்டம்பரிலிருந்து. திட்டுவார் என்று நினைத்தேன். "அவன் மறந்தது தப்பில்ல. பலகை ஒரு தடவை பொய் சொல்லிட்டா அப்புறம் அது வெறும் பலகைம்மா" என்றார். இதற்குத் திட்டியிருக்கலாம்.

டிசம்பர் 4, ஞாயிறு

கிறிஸ்துமஸுக்கு முந்தைய அட்வெண்ட் ஞாயிறுகளின் இரண்டாம் மெழுகுவர்த்தி ஏற்றிய நேரத்தில் ருப்ரெக்ட் வந்தார். "க்ளுக் அவுஃப்!" என்று சுரங்கக்காரர் வணக்கம் சொல்லி, நாற்பத்து மூன்றை மேசைமேல் வைத்தார். இனி அது வேறு யாருக்கும் கிடையாதாம். இங்கோல்ஃப் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சுத்தியலை எடுத்துக்கொண்டு போய்க் கதவுப் பக்கம் ஆணி அடித்தான். சுத்தியல் இருக்கும் இடம் மட்டும் எப்படி ஞாபகம் இருக்கிறதோ! முதல் ஆணியின் பக்கத்தில் இன்னொரு ஆணியும் அடித்தான்.

"அது எதுக்குடா?" என்று ருப்ரெக்ட் கேட்டார்.

"ஒத்தை ஆணி அடிச்சா அதுக்குப் பேர் பலகையா? இவளும்தான் தினம் மலைக்குப் போறா."

கழித்துப் போட்ட பழைய வில்லைகளிலிருந்து ருப்ரெக்ட் அப்போதே போய் எனக்கு ஒன்று கொண்டுவந்து தந்தார். பதினேழு.

ஜனவரி 17

இன்று என்னை "அம்மா" என்று கூப்பிட்டான். திருத்தவில்லை. அலுத்துவிட்டது.

பிப்ரவரி 19

வாசலுக்குப் போனாலும் நாற்பத்து மூன்றை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொள்கிறான், வந்ததும் மாட்டுகிறான். நான் ஒருமுறை எடுக்காமல் கிளம்பினேன். "நில்லு! யாரு நீ, சுற்றுலாக்காரியா?" என்று ஒரு அதட்டல். எரிச்சலாக வந்தது. எடுத்துக்கொண்டேன்.

மார்ச் 12, ஞாயிறு

கணுக்கால் பூசணிக்காயாக வீங்கியிருக்கிறது. படுக்கையிலிருந்தே எழுதுகிறேன்.

காலையில் வடக்குச் சரிவில் கம்பம் நடப் போனேன். ஆமாம், கடைசியில் நான்தான் சுமந்தேன். பனிக்கு அடியில் இரண்டு மரங்களுக்கு நடுவே கால் போய் மாட்டிக்கொண்டது. ஃபோனில் சிக்னல் இல்லை. யார் தேடுவார்கள்? வீட்டில் இருப்பவனுக்கு நான் யாரென்பதே பாதி நாள் தெரிவதில்லை. பல் கிட்டித்துப் போய் உட்கார்ந்திருந்தேன். அழுதேன், ஒளிப்பானேன்?

மூன்று மணி வாக்கில் கீழேயிருந்து ருப்ரெக்டின் குரல். கூடத் தீயணைப்புப் படையின் இரண்டு ஆட்கள், பனியில் என் காலடித் தடத்தைப் பிடித்துக்கொண்டு. என்னை ஸ்ட்ரெச்சரில் வைத்துக் கட்டும்போது சொன்னார்.

"உன் ஆளு வீட்டுச் செருப்போட பனியில நடந்து வந்து என் கதவத் தட்டுறான். 'பதினேழு இன்னும் வெளியே வரல, கேட்டப் பூட்டாதீங்க'ன்னு ஒரே கத்தல். யாருடா பதினேழுன்னு கேட்டேன்."

"என்ன சொன்னான்?"

"'பேரு தெரியல. எங்க வீட்டுக்காரங்கதான். ஆணி காலியா இருக்கு'ன்னான்."

வீட்டில் என்னை இறக்கியதும் இங்கோல்ஃப் வந்து என் கழுத்திலிருந்த வில்லையைக் கழற்றினான். முகத்தைப் பார்க்கவில்லை, எண்ணைத்தான் பார்த்தான். கொண்டுபோய் மாட்டினான். இரண்டு ஆணியையும் விரலால் தொட்டு எண்ணினான்.

"எல்லாரும் வந்தாச்சு" என்று சொல்லிவிட்டுக் கதவைப் பூட்டினான்.