அப்பா கூட இருக்கிறாரா?

பாப்பா அப்பா,

சரிசெய்ய வந்த குழாயைப் பிறகு பார்க்கலாம், முதலில் சாப்பிடுங்கள். மூடி வைத்திருக்கிறேன்.

பாப்பாவின் கல்லூரிக் கட்டணத்தை அரசாங்கம் கட்டுமா என்று விசாரிக்கப் போயிருந்தேன். மார்க்கையெல்லாம் பார்த்த அலுவலக அம்மா, "அவங்க அப்பா உங்ககூடத்தான் இருக்காரா?" என்று கேட்டார். கோபித்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனவரைப் பற்றி என்ன சொல்வது?

"கேட்டுச் சொல்றேங்க" என்றேன். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று யோசித்து யோசித்து எனக்கு வேலையே ஓடவில்லை. நம் இருவர் சம்பளத்தையும் சேர்த்துப் பார்த்தாலும் அவளுக்குக் கிடைக்குமாம். அதனால் கட்டணத்தை நினைத்துப் பதில் சொல்ல வேண்டாம்.

பி.கு.: பக்கத்து வீட்டில் வாங்கிய நம் வீட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுக்காதீர்கள். உங்களிடமே இருக்கட்டும்.