ஆறு வளையும் ஊர்

அன்பு மகளுக்கு,

செக் நாட்டில் நீ குடியிருக்கும் ஊரைப் பற்றி இங்கே எங்கள் டூங்கபி நூலகத்தில் தேடி வாசித்தேன். மூன்று பக்கமும் ஆறு வளைந்து ஓடுகிறதாம். இருப்பவர்கள் நூற்றுப்பத்துப் பேர்தானாம். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ஜெர்மன் பேசியவர்களை வெளியேற்ற, வெறுமையாகக் கிடந்த வீடுகளில் பிறகு வேறு சனம் வந்து விளக்கேற்றியதாம். அம்மா போனபின் எங்கள் வீட்டில் ஓர் அறையில்தான் விளக்கு எரிகிறது.

உன் கல்யாணத்துக்கு நான் வரவில்லை. கோயிலில் யாரும் விசாரித்தால், நீ வெளிநாட்டில் படிப்பதாக மூன்று வருடமாகச் சொல்லி வந்தேன்.

போன வெள்ளிக்கிழமை பவளராணி அன்ரி கேட்டார், "மகள் இப்ப எங்கை?"

ஊரின் பெயரைச் சொன்னேன்.

"அங்கை ஆர் துணை?"

"மருமகன் இருக்கிறார். ஆத்திலை படகு விடுறவர்," என்றேன்.

'மருமகன்' என்ற அந்தச் சொல்லை முதலில் உன்னிடம்தான் சொல்லியிருக்க வேண்டும்.

இப்படிக்கு,
அப்பா