கண்டியில் தண்ணீர் கொதிக்கும் சூடு

நேற்றுக் காலை ஊசி போட வந்த தாதி என் கையை ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைத்தாள். முதலில் குளிர்ந்தது, பிறகு வாசனை எழுந்தது. நான் கண்களை மூடிக்கொண்டதைப் பார்த்து, "நோகுதா அம்மா?" என்று கேட்டாள். ஊசியே இன்னும் குத்தவில்லை, எப்படி நோகும் என்று திருப்பிக் கேட்டேன். என்னைக் கடினமானவள் என்று எல்லோரும் சொல்வார்கள்; அவள் ஊசியை எடுத்தாள். எனக்கோ தையல் அறைக்குப் பின்னாலிருந்த அந்தச் சிறிய அறையும், மேசைமேல் எரிந்த ஸ்பிரிட் விளக்கின் நீலச் சுடரும், அதன்மேல் குனிந்திருந்த உங்கள் முகமும் வந்து நின்றன.

நீங்கள் போய்விட்ட செய்தி தை மாதம் வந்தது. உங்கள் மகள் நான்கு வரி எழுதியிருந்தாள். நானும் முறைப்படி அனுதாபக் கடிதம் ஒன்று எழுதி அனுப்பினேன். அதில் எழுத முடியாததை இப்போது உங்களுக்கே எழுதுகிறேன்.

முப்பதுகளின் தொடக்கத்தில் நம்முடைய பெண்கள் பாடசாலையில் விஞ்ஞானம் என்ற சொல்லே புதிது. கன்னியாஸ்திரிகளிடம் படித்து அவர்களிடமே ஆசிரியையானவள் நான். தையலும் கையெழுத்தும் ஆங்கிலமும் என் பாடங்கள். ஏழாம் வகுப்புப் பெண்களுக்கு வானமும் இரசாயனமும் சொல்லிக்கொடுக்க பாடசாலைத் தலைவியான மதர் எப்படியோ ஒரு வருட அனுமதி வாங்கிவிட்டார். வருட முடிவில் வித்தியாதரிசி, அதாவது பாடசாலை இன்ஸ்பெக்டர், வந்து பார்ப்பார். அவருக்குத் திருப்தியானால் வகுப்பு நிலைக்கும்; அதற்கென்று தற்காலிகமாக எடுக்கப்பட்ட நீங்களும் நிரந்தரமாவீர்கள். இல்லாவிட்டால் அந்தப் பாடவேளைகள் தையலுக்குத் திரும்பிவிடும், நீங்கள் யாழ்ப்பாணத்தில் அண்ணன் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். அங்கே உங்களுக்கென்று இருப்பது குசினியில் அடுப்படி மூலை மட்டும்தான் என்று சிரித்துக்கொண்டே ஒருமுறை சொன்னீர்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

உங்களுக்குத் துணையாக மதர் என்னை வைத்தார். இங்கிலாந்திலிருந்து வந்த புத்தகத்தைத் தமிழில் எழுதித் தருவதும், பிள்ளைகள் எழுதும் கொப்பிகளைப் பார்ப்பதும் என் வேலை. உண்மையில் நம் இருவருக்குமே விஞ்ஞானம் தெரியாது. பயிற்சிக் கலாசாலையில் ஒரு தவணை, மூன்று மாதம், பாடம் கேட்டதுதான் உங்கள் அறிவு. என்னுடையது அதுவும் இல்லை. பிள்ளைகளுக்கு ஒரு பாடம் முன்னால் போய்க்கொண்டிருந்தோம், அவ்வளவுதான்.

அந்தப் புத்தகத்தின் தாள்கள் ஓரம் வெட்டாமல் மடிந்தபடியே வந்திருந்தன. வாசிக்க வேண்டுமென்றால் கத்தியால் கீறிப் பிரிக்க வேண்டும். நீங்கள் முதல் நாளே எல்லாவற்றையும் கீறிவிடப் பார்த்தீர்கள். நான் விடவில்லை. எந்தப் பாடம் வருகிறதோ அந்தத் தாளை மட்டும் வெட்டினால் போதும், புத்தகம் புத்தகமாக இருக்கும் என்று சட்டம் போட்டேன்.

"நீர் புத்தகத்தை வாசிக்க வைச்சிருக்கிறீரோ, பூசைக்கு வைச்சிருக்கிறீரோ?" என்று கேட்டீர்கள்.

"ரெண்டுக்கும்தான். கத்தியை இப்படிக் குடுங்க" என்றேன்.

பாடசாலை விட்ட பிறகு அந்த அறையில் நாம் செய்யாத கூத்தில்லை. வாயு பிடிக்க ஜாம் போத்தல்கள். சுண்ணாம்புத் தண்ணீருக்கு வெற்றிலைக் கடைச் சுண்ணாம்பு. ஊதுகுழாய் இல்லையென்று பப்பாசி இலைக் காம்பை வெட்டி வந்து அதற்குள் ஊதினீர்கள். தெளிந்த தண்ணீர் பால்போல வெளுத்ததும் நீங்களே கைதட்டினீர்கள். கிணற்றில் போடுகிற ஊதா மருந்தைச் சூடாக்கி, அணைந்த ஈர்க்குச்சியின் கனலைப் போத்தலுக்குள் விட்டபோது அது குப்பென்று பற்றிக்கொண்டது. நான் அலறிவிட்டேன். "கொன்வென்ற் மிஸ் கத்தினதை மதர் கேட்டிருப்பா" என்று நீங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். அப்படி ஒருத்தியோடு சிரித்தது என் வாழ்க்கையில் அந்த ஒரு வருடம்தான். என் கணவர் நல்லவர். ஆனால் அவரோடு நான் அளவாகவே சிரித்தேன்.

வானப் பாடத்தில் எனக்கு முதல் அடி விழுந்தது. புத்தகத்தில் இருந்தபடி துருவ நட்சத்திரத்தை வடக்கே பாதி வானத்தில் கரும்பலகையில் வரைந்து, வீட்டுக்குப் போய்ப் பார்த்து வாருங்கள் என்று பிள்ளைகளை அனுப்பினேன். மறுநாள் மஹய்யாவையிலிருந்து வருகிற பிள்ளை ஒருத்தி எழுந்து நின்றாள். "டீச்சர், நாங்க எல்லாரும் தேடினோம், கெடைக்கல்ல. ஒங்க டீச்சர் அதை எங்க வச்சாங்கன்னு கேட்டுட்டு வான்னு அப்பா சொன்னாரு." வகுப்பு முழுவதும் சிரித்தது.

அன்று மாலை ஜெபமாலை முடிந்ததும் என்னை மேல்மாடி விறாந்தைக்கு இழுத்துப் போனீர்கள். கையை நீட்டி முட்டியை மூடிக் காட்டினீர்கள்.

"அது இங்கிலாந்து வானமப்பா. எங்கடை பருத்தித்துறையிலை கடலுக்கு மேலை ஒரு பிடி உயரத்திலைதான் நிக்கும். இஞ்சை அதுக்கும் கீழை. அந்த மேட்டுக்குப் பின்னாலை ஒளிஞ்சு நிக்குது, பாவம்."

"அப்ப இதை முன்னமே சொல்லியிருக்கலாமே?"

"நீர் கேட்டனீரே?"

கேட்கவில்லை. நான் யாரிடமும் எதையும் கேட்கிறவள் இல்லை. பிள்ளைகளுக்கு முன்னால் இனி ஒருபோதும் பிழையாக நிற்கமாட்டேன் என்று அந்த விறாந்தையில் எனக்குள் ஒரு முடிவு செய்துகொண்டேன். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அந்த முடிவால் வந்தது.

வித்தியாதரிசி வருவதற்கு முந்திய வாரம், அவருக்கு முன்னால் செய்துகாட்ட வேண்டிய கொதிநீர்ப் பாடத்தை ஒத்திகை பார்த்தோம். அந்தக் காலத்துப் பரன்ஹைட் கணக்கில் தண்ணீர் கொதிப்பது இருநூற்றுப் பன்னிரண்டு பாகையில் என்று புத்தகம் சொன்னது. நம்முடைய வெப்பமானி இருநூற்றொன்பதில் நின்றுவிட்டது. திரி உயர்த்தினோம், தண்ணீர் மாற்றினோம், மூன்று நாட்கள் திரும்பத் திரும்பக் கொதிக்க வைத்தோம். ஒன்பதைத் தாண்டவில்லை.

"வெப்பமானி பழுது. கொழும்புல இருந்து பெட்டியில குலுங்கி வந்ததுதானே" என்றேன்.

"மூண்டு நாளும் ஒரே அளவாப் பழுதாகுமே? புத்தகம் எழுதின மனுசன் கண்டிக்கு வந்தே தண்ணி கொதிக்க வைச்சவர்?"

அப்போது கொப்பி கொண்டுவந்த பிள்ளை, கண்டியைவிட உயரத்தில் மலைமேல் இருக்கும் ஹேவாஹெட்டத் தோட்டத்துக் கிளார்க்கரின் மகள், தங்கள் தோட்டத்தில் பருப்பு அவிய நெடுநேரம் எடுக்கிறது, கண்டியில் பெரியம்மா வீட்டில் சீக்கிரம் அவிந்துவிடுகிறது என்று சொன்னாள். நீங்கள் அப்படியே நிமிர்ந்துவிட்டீர்கள். "கேட்டனீரே? மேலை போகப் போகக் கொதியின்ரை சூடு குறையுது போலை."

"இன்ஸ்பெக்டர்கிட்ட பருப்பை வச்சா பாடம் நடத்தப் போறீங்க?" என்றேன்.

"வெப்பமானி காட்டினதை எழுதுவிப்பம். ஏனெண்டு தெரியாட்டில் தெரியாதெண்டு சொல்லுவம்."

மறுநாள் பிள்ளைகள் பார்த்து, கொப்பியில் பென்சிலால் இருநூற்றொன்பது என்று எழுதினார்கள். கொப்பிகள் என் பொறுப்பு. தெரியாது என்று ஒரு வித்தியாதரிசியிடம் சொல்வதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அவர் வருவதற்கு முதல்நாள், நீங்கள் சாமான் வாங்க மார்க்கெட்டுக்குப் போயிருந்த நேரத்தில், தையல் வகுப்பில் இருந்த இருபத்திரண்டு பிள்ளைகளிடமும் கொப்பியைக் கொடுத்து, ஒன்பதை அழித்துப் பன்னிரண்டு என்று எழுதச் சொன்னேன். அழகாக எழுதச் சொன்னேன்.

வித்தியாதரிசி தலைப்பாகையும் மூடிய கோட்டுமாக வந்தார். நம்மவர்தான், தமிழில் பேசினார். தண்ணீர் கொதித்தது. ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார். அவள் குனிந்து, "இருநூத்தி ஒம்போது" என்றாள். அவர் கொப்பியைத் திறந்தார். அழித்த இடத்தில் தாள் தேய்ந்து நார் எழும்பியிருந்தது. அடுத்த கொப்பியிலும் அப்படியே. நீங்கள் எட்டிப் பார்த்தீர்கள். உங்கள் முகம் வெளிறிப்போனதை நான் பின்சுவரோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் எல்லாப் பிள்ளைகளையும் வரிசையாக அழைத்தார். ஒன்பது. ஒன்பது. எட்டரை. ஒன்பது. ஹேவாஹெட்டப் பிள்ளை என்னை ஒருதரம் பார்த்துவிட்டு, மெல்ல, "ஒம்போதுங்க" என்றாள்.

"கொப்பியில் எல்லோருக்கும் பன்னிரண்டு. இங்கே எல்லோருக்கும் ஒன்பது" என்றார் அவர். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்களும் ஒருக்கால் பார்த்துச் சொல்லுங்கோ அம்மா."

நான் போனேன். அவர் அடுத்த கொப்பியைப் புரட்டிக்கொண்டிருந்தார். மேசைக்கு அப்பால் நீங்கள் மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் பார்த்தேன். "இருநூற்றுப் பன்னிரண்டு" என்றேன்.

தண்ணீர் இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது.

"மிஸ் நிண்டபடி பாத்தவ, ஐயா" என்றீர்கள் நீங்கள். குரல் கொஞ்சமும் மாறவில்லை. "மேலையிருந்து பாத்தால் கோடு கூடுதலாத் தெரியும். குனிஞ்சு கண்மட்டத்திலை வைச்சுப் பாக்கவேணும். பிள்ளையளுக்கும் அதை நான் பிந்தித்தான் சொல்லிக்குடுத்தனான். கொப்பியிலை இருக்கிறது அந்தப் பிழை. பிழை என்ரை."

அவர் தலையாட்டிவிட்டு ஏதோ எழுதிக்கொண்டார். பிள்ளைகள் நம்பினார்களா, தெரியாது. அந்த வருடம் முழுவதும் கண்ணால் கண்டதற்கு மேல் ஒரு சொல்லும் வகுப்பில் சொல்லாத நீங்கள் சொன்ன ஒரே பொய் அது. அதை எனக்காகச் சொன்னீர்கள்.

இரண்டு வாரத்தில் அறிக்கை வந்தது. வகுப்பைத் தொடரலாம். ஆனால் தற்காலிக ஆசிரியைக்கு அளவீடு எடுப்பதில் போதிய பயிற்சி இல்லை, அவரை நிரந்தரமாக்க இயலாது. மற்ற ஆசிரியை புத்தகத்தின் துணையோடு அப்பாடத்தை நடத்தலாம். மதர் அதை வாசித்துக் காட்டியபோது நீங்கள் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

மதரின் அறைக்கும் ஆசிரியைகளின் அறைக்கும் இடையில் பத்து அடி. அந்த வாரம் இரண்டு தடவை அந்தக் கதவுவரை போனேன். என்னைத் தடுக்க அங்கே யாரும் இருக்கவில்லை. இரண்டு தடவையும் தட்டாமல் திரும்பினேன். உண்மையைச் சொல்லியிருந்தால் நீங்கள் இருந்திருப்பீர்கள். நான் தலைகுனிந்திருப்பேன், அதற்குமேல் எனக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

கண்டி ஸ்டேசனில் உங்கள் பெட்டியைத் தூக்கிக் கொடுத்தது நான். ஏதாவது கேட்பீர்கள் என்று காத்திருந்தேன். ரயில் அசையும்போது சன்னலால் தலையை நீட்டி, "இனிப் பிள்ளையளைப் பென்சிலாலை எழுதவிடாதையும். மையாலை எழுதட்டும்" என்றீர்கள். அவ்வளவுதான்.

அடுத்த தவணை, உங்கள் வகுப்பு என் வகுப்பானது. வந்த முதல் மாலையே கத்தியை எடுத்து அந்தப் புத்தகத்தின் மிச்சத் தாள்களையெல்லாம் கீறினேன். கடைசிக்கு முந்திய பாடத்தில், காற்றின் பாரம் பற்றிய பக்கத்தில், சிறிய எழுத்தில் இருந்தது: உயர்ந்த இடங்களில் காற்றின் பாரம் குறைவு, அதனால் நீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். எத்தனை அடிக்கு எத்தனை பாகை என்று பட்டியலும் இருந்தது. கண்டியின் உயரத்துக்குக் கணக்குப் பார்த்தேன். நாம் அந்த மூன்று நாட்களும் அந்தப் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறோம், மடிந்தபடி.

உங்களுக்கு எழுதினேனா? எழுதினேன். பக்க எண்ணைக் குறிப்பிட்டு, நீங்கள் ஊகித்தது சரிதான் என்று எழுதினேன். "பருப்புக்கு வெற்றி" என்று பதில் போட்டீர்கள். பிறகு உங்கள் கல்யாணம், என் கல்யாணம், பிள்ளைகள், என் கணவர் போனபோது நீங்கள் எழுதிய அந்த நீண்ட கடிதம். இத்தனை வருடக் கடிதங்களில் மழை, விலைவாசி, பேரப்பிள்ளைகளின் சளி எல்லாம் எழுதினேன். அந்த மேசையைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. நீங்களும் என்னைக் கேட்டு அவமானப்படுத்தவில்லை. கேட்டிருந்தால் கோபப்பட்டாவது தப்பித்திருப்பேன்.

ஓய்வு பெறும்வரை அந்த வகுப்பை நான் வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. என் பிள்ளைகள் மையால்தான் எழுதினார்கள். பிழையென்றால் ஒரு கோடு, கீழே இருப்பது வாசிக்கத் தெரியும்படி. ஒவ்வொரு வருடமும் தண்ணீர் கொதிக்க வைத்து, ஒவ்வொருத்தியையும் பார்த்துச் சொல்ல வைத்தேன். சொன்னதை அப்படியே எழுத வைத்தேன். நல்ல ஆசிரியை என்று பெயர் வாங்கினேன். அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம், அது யாழ்ப்பாணத்துக் குசினி ஒன்றில் நிற்கிறவளுடையது என்று எனக்குத் தெரியும். இன்றைக்கும் அதை நான்தான் வைத்திருக்கிறேன்.

அதனால், பிந்தியென்றாலும், அளவீட்டைத் திருத்தி எழுதுகிறேன். அன்றைக்கு நான் நின்றபடி பார்க்கவில்லை, டீச்சர். முழங்கால் மேசைக்காலில் இடிக்கக் குனிந்து, மூச்சை அடக்கி, கண்மட்டத்தில்தான் பார்த்தேன். பாதரசம் இருநூற்றொன்பதில் நின்றது.