மடத்துக்குள்ளால் போகும் தெரு

1936 ஆகஸ்ட் 4, செவ்வாய்

எங்கள் பள்ளிக்கூடத்தை நடத்துகிற மிஸ் கிரேயம் இன்று ஒரு மரப்பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே பஞ்சு சுற்றிய கண்ணாடித் தகடுகள். மாயவிளக்கில் போட்டுக் காட்டுகிற படங்கள். அயர்லாந்தில் அவர் பிறந்த கார்லிங்போர்ட் என்ற கரையூரின் பழைய சரித்திரத்தை அடுத்த மாதம் ஊர்ச்சனத்துக்குச் சொல்லப் போகிறாராம். நான் பக்கத்தில் நின்று தமிழில் சொல்ல வேண்டுமாம். தமிழ் ரீச்சர் வேலையில் இதுவும் சேர்த்தி என்று இன்றுதான் தெரிந்தது.

சுன்னாகம் சந்தையில் வெங்காயம் விற்றுவிட்டு வருகிற சனம் குளிர்தேசத்து இடிந்த சுவர்களைப் பார்க்கப் போகிறது. கொடுத்து வைத்த சனம்.

ஆகஸ்ட் 6

இந்த மடத்தைப் பற்றி நான் ஒருநாளும் எழுதியதில்லை. எழுத என்ன இருக்கிறது? யாரோ ஒரு புண்ணியவான் வழிப்போக்கர் இளைப்பாறத் தெருவுக்கு மேலாலேயே கூரை போட்டுக் கட்டினான். தெரு நடுவால் போகிறது. இரண்டு பக்கமும் இடுப்பளவு உயரத்தில், ஏறி இருக்கத் திண்ணை மாதிரிக் கல்லுக் குந்து. இப்போது அங்கே வழிப்போக்கர் ஒருவரும் இல்லை. சீவரத்தினமும் அவருடைய ஆட்களும் காலமை ஏறினால் மத்தியானச் சோற்றுக்கு இறங்கி, திரும்பவும் ஏறுகிறார்கள். வெற்றிலை, சீட்டுக் கடுதாசி விளையாட்டு, ஊர் வம்பு. சீவரத்தினத்தின் தலை சாய்ந்து சாய்ந்து மேற்கு மூலைச் சுவரில் எண்ணெய் பிடித்திருக்கிறது. கிராமச் சங்கத்தில் அவர் பெரிய மனிதர்.

எங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு வேறு வழியில்லை. பதினெட்டு வருஷமாக அந்த இரண்டு வரிசைக்கும் நடுவால் போய் வருகிறேன். நான் நுழைந்ததும் கதை நிற்கும். வெளியே வந்ததும் ஒரு சிரிப்பு. என்னத்துக்குச் சிரித்தார்கள் என்று நான் திரும்பிப் பார்த்ததில்லை. எட்வேர்ட் அண்ணையிடம் ஒருமுறை சொன்னேன். “நீ தலையைக் குனிஞ்சுகொண்டு வாவன்,” என்றார். தேவாலயத்தில் மூப்பராக இருப்பவரின் ஆலோசனை இது.

மிஸ் கிரேயத்தின் கார் வந்தால் மட்டும் அத்தனை பேரும் எழும்பி, தோளில் கிடக்கிற சால்வையை எடுத்துக் கக்கத்தில் வைக்கிறார்கள். அதுதான் மரியாதை. எனக்கு இன்றுவரை ஒரு சால்வையும் அசைந்ததில்லை.

ஆகஸ்ட் 14

பள்ளிக்கூடத்துக்குப் பஸ் வந்துவிட்டது. மடத்துக்குக் கிழக்குப் பக்கத்துப் பிள்ளைகளை ஏற்றி வரத்தான் வாங்கினது. சாரதி சந்தியோகு அதை மடத்து வாசல்வரை கொண்டு போனார். உள்ளே போகாது. கூரை பதிவு, பஸ்ஸின் தலை இடிக்கும். இரண்டு பக்கமும் மதில், சுற்றிப் போகவும் இடமில்லை. குந்தில் இருந்தவர்கள் நல்லாய்ச் சிரித்தார்களாம்.

அப்படியென்றால் ஞானாம்பிகை? சீவரத்தினத்தின் மகள். கணக்கில் அவளைப் போல ஒரு பிள்ளையை நான் படிப்பித்ததில்லை. பெரியபிள்ளை ஆனதோடு வரவில்லை. போன மாதம் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். தகப்பன் சொன்ன நியாயம் இதுதான்: “குமர்ப்பிள்ளையை எப்பிடி ரீச்சர் மடத்துக்குள்ளாலை நடத்தி விடுறது? அங்கை ஆம்பிளையள் எல்லோ இருக்கினம்.”

யார் ஐயா அந்த ஆம்பிளைகள்? நீர்தானே! வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டு வந்தேன்.

மடத்தை இடித்துத் தரும்படி கிராமச் சங்கத்தைக் கேட்கப் போவதாக மிஸ் கிரேயம் இன்று சொன்னார். வெள்ளைக்காரத்தி கேட்டால் அவர்கள் தங்கள் வீட்டு முகட்டையே பிரித்துக் கொடுப்பார்கள்.

ஆகஸ்ட் 15

இடிக்கட்டும். முதற் கல்லை நானே கழற்றித் தருவேன்.

ஆகஸ்ட் 29, சனி

பகல் முழுக்க மிஸ்ஸோடு கார்லிங்போர்ட் தகடுகள். ஒரு ராசா சில நாள் தங்கினானாம், கோட்டைக்கு அவன் பெயர். காசு அடித்த வீடு என்று ஒன்று. அங்கே காசு அடித்ததாக ஒருவருக்கும் நிச்சயமில்லை, பெயர் மட்டும் இருக்கிறது. கூரை இல்லாத ஒரு துறவிமடம்; அந்த நாட்டு ராசாவே துறவிகளைக் கலைத்துவிட்டானாம். ஊருக்குப் பின்னால் மலை. மலையில் ஓர் அரக்கன் மல்லாந்து படுத்திருப்பதாகக் கதை. எங்கள் ஊரிலும் படுத்துத்தான் கிடக்கிறார்கள். அவர்களுக்கு மலை தேவைப்படவில்லை.

கடைசித் தகடு தோல்செல் என்கிற வாசல். தெருவுக்கு மேலால் ஒரு கல்லுக் கட்டடம், தெரு அதற்குள்ளால் போகிறது. ஊருக்குள் வருகிற சாமானுக்குக் கீழே நின்று தீர்வை வாங்குவார்களாம். மேல்தட்டு கொஞ்சக்காலம் கள்ளரை அடைத்து வைக்கிற மறியற்கூடமாக இருந்ததாம். சின்ன வயதில் அதற்குக் கீழே மழைக்கு ஒதுங்கியதைச் சொல்லும்போது மிஸ்ஸுக்குக் கண் கலங்கிவிட்டது.

எனக்குக் கலங்கவில்லை. இரண்டு குந்தும் ஒரு கடுதாசிக் கட்டும் இருந்தால் எங்கள் மடமேதான்.

செப்ரெம்பர் 12, சனி

நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன். 

பொழுதுபட மண்டபம் நிறைந்துவிட்டது. மடத்து ஆட்கள் முன்வரிசையில். கோட்டைக்குக் கொட்டாவி விட்டார்கள். காசு அடித்த வீட்டுக்குக் கொஞ்சம் நிமிர்ந்தார்கள். பிறகு தோல்செல் வந்தது. தீர்வை என்றேன், மறியற்கூடம் என்றேன். ஒருவரும் கேட்கவில்லை. சீவரத்தினம் எழும்பி நின்றார்.

“உது எங்கடை மடமெல்லோ,” என்றார். “எங்கடையும் உப்பிடித்தான். வழிப்போக்கருக்கெண்டு கட்டின தருமம். ஆரும் வரலாம், ஆரும் இருக்கலாம்.”

சொல்லிவிட்டுச் சால்வையை இறக்கிக் கக்கத்தில் வைத்தார். அவரைப் பார்த்து முன்வரிசை முழுவதும் எழும்பிச் சால்வையை இறக்கியது. ஒரு தீர்வைக் கொட்டிலுக்கு! ஒரு மறியலுக்கு! ஏழு கடலுக்கு அப்பால் இருக்கிற சுவருக்கு எழும்பி நிற்கத் தெரிகிறது இந்தக் கூட்டத்துக்கு.

மிஸ் கிரேயம் என் பக்கம் திரும்பி, என்ன சொல்கிறார்கள் என்று கேட்டார். மழுப்பியிருக்கலாம். நான் ஏன் சொல்லுக்குச் சொல் சொன்னேன்? என்ரை மொழிபெயர்ப்பில் பிழை வரக்கூடாது என்ற திமிர். வேறென்ன.

அவர் அந்த இருட்டில் கண்ணைத் துடைத்ததைக் கண்டேன். அப்போதே விளங்கிவிட்டது.

செப்ரெம்பர் 14

இடிக்க வேண்டாம் என்று மிஸ் கிரேயம் கிராமச் சங்கத்துக்குச் சொல்லிவிட்டார். அது ஒரு சரித்திரச் சின்னமாம். பிள்ளைகள் மடத்துக்குள்ளால் நடந்து வந்து மேற்கு வாசலில் பஸ் ஏறலாமாம், நாலெட்டுத்தானே என்றார். அந்த நாலெட்டை நீங்கள் ஒருநாளும் நடந்ததில்லை என்று சொன்னேன். அவர்கள் எப்போதும் எவ்வளவு மரியாதையாக எழும்பி நிற்கிறார்கள் என்றார்.

காருக்குள் இருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும்.

செப்ரெம்பர் 15

எனக்கென்ன விசரோ? பதினெட்டு வருஷம் நடந்தவளுக்கு ஒரு கண்ணாடித் தகட்டின் பெறுமதி இல்லை. அவவுக்குத் தன்ரை ஊர் ஞாபகம் வந்திட்டுதாம், அதுக்காக இங்கை பெட்டையள் வீட்டுக்குள்ளை கிடக்க வேணும். எல்லாரும் நாசமாய்ப் போகட்டும்.

செப்ரெம்பர் 24

ஞானாம்பிகைக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிவிட்டார்களாம். வரும் தைக்குள் முடிக்கிற எண்ணமாம். தாய் பராசக்தி கிணற்றடியில் எனக்குச் சொல்லி அழுதாள். படிக்க அனுப்ப அவளுக்கு விருப்பம். “மடத்திலை ஒருத்தரும் இல்லையெண்டால் அவர் என்னத்தைச் சொல்லப்போறார் ரீச்சர்?” என்றாள்.

ஆரும் வரலாம், ஆரும் இருக்கலாம். மண்டபத்தில் அந்த மனிதர் சொன்னதும் நான் இங்கிலீசில் சொன்னதும் திரும்பத் திரும்பக் காதில் கேட்கிறது.

செப்ரெம்பர் 28, திங்கள்

விடியவே போய் மேற்கு மூலையில், எண்ணெய் பிடித்த சுவருக்குக் கீழே பாயைப் போட்டு இருந்தேன். குடை ஒரு பக்கம், சாப்பாட்டுப் பெட்டி ஒரு பக்கம்.  

சீவரத்தினமும் ஆட்களும் வந்து வாசலில் நின்றுவிட்டார்கள். அந்நியப் பெண் ஒருத்தி இருக்கிற குந்தில் ஏறி இருக்க அவர்களால் முடியாது. எதிர்க் குந்தில் ஏறி எனக்கு முகம் பார்த்து இருக்கவும் முடியாது. நடந்து போகிறவளைப் பார்க்கலாம், இருக்கிறவளோடு இருக்கக்கூடாது. இவர்களுடைய மானத்தின் கணக்கு அப்படி.

“ரீச்சர், உது ஆம்பிளையள் இருக்கிற இடம்,” என்றார் சீவரத்தினம்.

“வழிப்போக்கருக்குக் கட்டினது எண்டு நீங்கள்தானே மிஸ்ஸுக்குச் சொன்னியள். நான் பஸ்ஸுக்கு நிக்கிறன்.”

 பிறகு ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள். சந்தியோகு பஸ்ஸைக் கொண்டுவந்து நிறுத்தும்வரை நான் இறங்கவில்லை.

செப்ரெம்பர் 29

அண்ணையிடம் முறைப்பாடு போயிருக்கிறது. குடும்ப மானம் என்று தொடங்கினார். நான் சாப்பாட்டைப் போட்டுவிட்டு எழும்பிப் போனேன். நாளைக்கும் போவேன்.

ஒக்ரோபர் 5

இன்று என்னோடு ஆறு பிள்ளைகள். காலமை மட்டுமல்ல, பின்னேரம் பஸ்ஸால் இறங்கியும் அங்கேயே இருந்து வாய்ப்பாடு சொல்ல வைத்தேன். இரண்டு குந்திலும் இருத்தினேன், ஒரு பக்கம் கூட விடவில்லை. மடத்து ஆட்கள் அரசமரத்துக்குக் கீழே கடுதாசி விளையாடுகிறார்கள். காற்றுக்குக் கடுதாசி பறக்கிறதாம். பறக்கட்டும்.

ஒக்ரோபர் 20

பராசக்தி மகளைக் கையில் பிடித்துக் கூட்டிவந்து என் பக்கத்தில் இருத்திவிட்டுப் போனாள்.  தகப்பனுக்குச் சொல்ல நியாயம் தீர்ந்துவிட்டது போல.

நவம்பர் 2

மிஸ் கிரேயம் காரை நிறுத்தி, மடம் நிறையப் பிள்ளைகள் இருப்பதைப் படம் பிடித்தார். கார்லிங்போர்ட்டுக்கு அனுப்பப் போகிறாராம். தான் காப்பாற்றிய சின்னம் எவ்வளவு பிரயோசனப்படுகிறது என்று என்னிடம் சொன்னார். ஓம் மிஸ் என்றேன்.

நவம்பர் 19, வியாழன்

விடியத் தொடங்கின மழை விடவில்லை. பஸ் பிந்திவிட்டது. ஞானாம்பிகை தகப்பனுடைய மூலையில் சாய்ந்திருந்து சின்னப்பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

தோட்டத்தால் வந்த சீவரத்தினம் சால்வையைத் தலையில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். கூரைக்குக் கீழே ஓரடி எடுத்து வைக்கவில்லை. நான் பார்த்ததும் சால்வையை இழுத்துக் கக்கத்தில் வைத்தார். மழை அவருடைய மொட்டைத்தலையில் விழுந்து ஓடியது.

“ரீச்சர், உள்ளுக்காலை அந்தப் பக்கம் போகலாமோ?”

பிள்ளைகள் கதையை நிற்பாட்டிவிட்டு அவரைப் பார்த்தார்கள். இரண்டு வரிசையும்.

“வாங்கோ,” என்றேன். “தலையைக் குனிஞ்சுகொண்டு வாங்கோ.”

அவர் அப்படியே வந்தார். மறுபக்கத்தால் வெளியே போனதும் சின்னப்பிள்ளை ஒன்று சிரித்தது. நான் அதட்டவில்லை.