நாலு வரிசை பாக்கி

ஜூலை 6
கோதடி முக்கால்வாசி ஆகிவிட்டது. இவருடைய வேட்டிகளை அடுக்கி, மேலே என் சுங்குடிப் புடவை. இங்கே தாபோடியில் பிறக்கிற பிள்ளைகளுக்கெல்லாம் இப்படித்தான் பழைய துணியை அடுக்கித் தைத்துப் போர்த்துகிறார்கள். இவர் தங்கை பாமாவுக்கு இது ஒன்பதாம் மாதம், மூன்றாவது பிள்ளை. நாள் தள்ளியபோதே, "அண்ணி, இது உங்களுக்கு" என்றாள். நான் கேட்கவில்லை. எழுதிவைக்கிறேன் — நான் கேட்கவில்லை.

ஜூலை 19
பெண்! ஆஸ்பத்திரியில் என் கையில்தான் முதலில் தந்தார்கள். தரை துடைக்க வந்த அம்மாள் மராத்தியில், அம்மா யார் என்று கேட்டாள். பாமா என்னைப் பார்த்தாள், நான் பாமாவைப் பார்த்தேன்.

ஆகஸ்ட் 3
நாற்பது நாள் தாய்ப்பால் குடிக்கட்டும், பிறகு நம் வீட்டுக்குத் தூக்கி வரலாம் என்று பேச்சு. இன்னும் ஆறு வரிசைத் தையல்.

ஆகஸ்ட் 28
ஆற்றுக்கு அக்கரையில் போபோடிக்கு, பாமா வீட்டுக்குப் போனோம். பாமா பிள்ளையை மடியைவிட்டு இறக்கவே இல்லை. அவள் வீட்டுக்காரர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.
"என்னால முடியல அண்ணி. திட்டுங்க, அடிங்க. முடியல."
"பரவால்ல பாமா" என்றேன். யார் வாயோ அது.
பாலத்தில் நடந்தே திரும்பினோம். இவர் கையைப் பிடித்தார். உதறிவிட்டேன். பாவம், இவர் என்ன செய்வார்.

ஆகஸ்ட் 29
ஒன்றுமில்லை.

செப்டம்பர் 14
நூல் கோத்தேன். நாலு வரிசைதான். ஊசி துணிக்குள் இறங்கவில்லை. யாருக்குடி தைக்கிற? அவ பெத்தது, அவகிட்ட இருக்கு. உனக்கு என்ன போச்சு? பாலே ஊறாத மாரு ஏன் இப்படி வலிக்குது?

அக்டோபர் 5
"கண்ணுல படாம மேல போட்டுடறேன்" என்று இவர் கோதடியை எடுத்தார்.
"தொடாதீங்க!" — தெருவுக்கே கேட்டிருக்கும்.

டிசம்பர் 10
பாமா போன். "அண்ணன் மடியிலதான் காது குத்தணும். நீங்களும் வரணும் அண்ணி." "பார்க்கலாம்" என்று போனை வைத்துவிட்டேன்.

டிசம்பர் 21
போனேன். வெறுங்கையோடு போகாமல் கொலுசு வாங்கிப் போனேன். தாய்மாமன் மடியில் வீறிட்டு அழுதாள். "அழாதடி, அத்தை இருக்கேன்ல?"
நான்தான் சொன்னேன். அத்தை என்று.
அவள் பாமாவிடம் தாவினாள்.

டிசம்பர் 28
ஞாயிறு மதியம். குளிருக்கு இவர் கோதடியைப் போர்த்திக்கொண்டு தூங்குகிறார். பிள்ளை அளவுதானே, முழங்கால்கூட மூடவில்லை. ஓரத்தில் நூல் ஊசியோடு தொங்கியது. இவரைக் குத்திவிடப் போகிறதே என்று முடிச்சுப் போட்டுக் கத்தரித்துவிட்டேன்.