பின்ரூம்ல ரெண்டு நீல ட்ரம்

மார்ச் 3, திங்கள்

என்ன டைரி, சௌக்கியமா? ஒரு மாசமா உன்னத் தொடல, கோச்சுக்காத. எழுத்துக் கூட்டி எழுதறவனுக்கு ஒரு பக்கம்ங்கறது ஒரு லோடு இறக்கற மாதிரி.

இன்னிக்கு ஆலையிலிருந்து என் லோடு வண்டியில ரெண்டு ட்ரம் பயோடீசல் கொண்டாந்துட்டேன். பொரிச்சு மீந்த எண்ணெயச் சுத்தம் பண்ணி, வண்டிக்குன்னு ஆக்கித் தர்றாங்க. பங்க்ல கிடைக்காது, ஆலையில ட்ரம்மாத்தான் தருவாங்க. அப்ப வீட்டுலதானே வைக்கணும்? நிக்க வச்சு, மூடிய இறுக்கி, நாலு பக்கமும் பட்டை போட்டுக் கட்டித்தான் கொண்டாந்தேன். வளைவுல ஒரு லாரிக்காரன், பொண்டாட்டிகிட்டக் கோச்சுக்கிட்டுக் கிளம்பினவன் மாதிரி குறுக்க விழுந்தான். அவன் கதை தனிக் கதை, அவன் லாரிக்கு ஒரு பக்கம் கண்ணாடியே இல்ல — சரி, எங்க விட்டேன்? ட்ரம். ஒரு சொட்டு சிந்தல.

ஆனா அக்கா இருக்காளே. தையல்காரி. வீடு அவளுது, பின்ரூம் எனக்கு. ட்ரம்ம மூலையில வச்சதும் வாசல்ல வந்து நின்னா.

"முன்னாடி பூரா ஊரார் துணி தொங்குது, பின்னாடி எண்ணெய்யா? பதினாறாம் தேதிக்குள்ள எடுத்துரு. இல்லன்னா அதுகூட நீயும் கிளம்பு."

எடுக்க மாட்டேன். டீசல் போட்டு ஓட்டிக் கட்டுப்படியாகாமத்தான் போன வருஷமே வண்டிய விக்கப் பார்த்தேன். ட்ரம் போனா வண்டி போச்சு. அப்புறம் நான் யாரு? எவன் வண்டிக்கோ க்ளீனரு.

மார்ச் 5, புதன்

தைக்கக் குடுத்தத வாங்க வந்த ஒரு அம்மா ஜாக்கெட்ட மோந்து பார்த்துட்டு, "என்னங்க, தைச்சீங்களா, பொரிச்சீங்களா?"ன்னு கேட்டுச்சாம். அக்கா அதுலேருந்து எங்கிட்டப் பேசல. நல்லது, காதுக்கு ஓய்வு.

மார்ச் 9, ஞாயிறு

இன்னிக்கு அக்கா மறுபடி ட்ரம் பேச்ச எடுத்தா, அவ வாய அடைச்சேன். வீட்டு முத்தத்துல ஒரு பழைய தட்டுல அந்த எண்ணெயக் கொஞ்சம் ஊத்தி, எரியற தீக்குச்சியப் போட்டேன். அணைஞ்சு போச்சு. இன்னொண்ணு போட்டேன். அதுவும் சுஸ்னு போச்சு. "பாத்தியா? பெட்ரோல்னு நினைச்சியா?"ன்னேன்.

"தீக்குச்சி அணைஞ்சுது. என் பயம் அணையலயே"ன்னா.

பயத்துக்கு நான் என்ன பண்ண? பயப்படறவங்களுக்காக உலகத்துல அடுப்பே பத்த வைக்கக் கூடாதா?

மார்ச் 12, புதன்

ட்ரம்முல இருந்து கேனுக்கு இறக்க ஒரு ரப்பர் ட்யூப் மாட்டியிருந்தேன். இந்த எண்ணெய் பட்டுப் பட்டு மென்னு துப்பின மாதிரி கொழகொழன்னு ஆகி, பாதியில பிச்சுக்கிச்சு. தரை பூரா எண்ணெய். என் வண்டி பாக்கற மெக்கானிக்கு வந்து பார்த்துட்டு, "மச்சான், இதுக்குன்னு வேற ட்யூப் இருக்குடா, அத வாங்கி மாட்டு"ன்னான். முன்னாடியே சொன்னா வாய் வலிக்குமா?

அக்காவோட வெட்டுத்துணி ஒரு மூட்டை அள்ளி வந்து துடைச்சேன். அவளுக்குத் தெரியாது. எல்லாத்தையும் அமுக்கிக் கூடையில போட்டு, ட்ரம்முக்குப் பின்னால தள்ளிட்டேன்.

மார்ச் 13, வியாழன்



மத்தியானம் வெளிய வண்டி கழுவிக்கிட்டிருக்கேன், உள்ள அக்கா இருமற சத்தம். ஓடிப் போறேன் — ரூம் பூரா புகை. அவ ஒரு கையால வாயப் பொத்திக்கிட்டு, இன்னொரு கையில தொடப்பக் கட்டைய வச்சுக் கூடைய இழுத்துக்கிட்டு வர்றா. முத்தத்துக்கு வந்ததும் காத்துப் பட்டு குப்புன்னு பிடிச்சுது. அவ புடவை ஓரம் கருகிப் போச்சு. நான் வண்டி கழுவின ஹோஸ அப்படியே திருப்பி அடிச்சேன். கூடையிலயும் அடிச்சேன், அவ மேலயும் அடிச்சேன்.

யாரு பத்த வச்சா? யாரும் வைக்கலயே. நெருப்பே இல்லாத ரூம்டா அது.

நனைஞ்ச தலையோட குனிஞ்சு, கூடையிலேருந்து தன் வெட்டுத்துணி ஒண்ண எடுத்துப் பார்த்தா. அதுக்கு ரெண்டு திட்டு திட்டியிருக்கலாம்.

மார்ச் 14, வெள்ளி

ஆலைக்காரருக்குப் போன் போட்டேன். "ட்ரம்முக்கு ஒண்ணும் ஆகாதுங்க, ஆனா எண்ணெய் நனைஞ்ச துணியக் குவிச்சா தானா சூடேறும். உள்ள அடைஞ்ச சூடு போக வழியில்லாமப் பத்திக்கும். ஒவ்வொண்ணா வெளிய விரிச்சுக் காயப் போடுங்க. இல்ல தண்ணியில முக்கி, மூடி போட்ட தகர டப்பாவுல போடுங்க"ன்னார்.

கூடை இருந்த இடத்துக்கும் ட்ரம்முக்கும் நடுவுல என் சாண் ஒண்ணு. அளந்து பார்த்தேன். ரெண்டாவது தடவை அளக்கல.

மார்ச் 16, ஞாயிறு

கெடு இன்னிக்கு. வண்டிய விக்க மாட்டேன்னு காலையிலயே சொல்லிட்டேன், தலைய நிமித்தி. அப்புறம் முத்தத்துக் கடைசியில, வீட்ட விட்டு எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளி, காத்தோட்டமா ஒரு கம்பி வலைக் கொட்டாய் போட்டேன். மேல தகரம், கசிஞ்சா ஓடாம இருக்கக் கீழ செங்கல் கட்டு, பக்கத்துல மணல் வாளி. ட்ரம்ம உருட்டிப் போய் வச்சேன்.

அக்கா சுத்தி வந்து பார்த்தா. "பூட்டு?"ன்னா. போட்டேன். "சாவி?"ன்னா.

மார்ச் 30, ஞாயிறு

இப்ப எண்ணெய் எடுக்கணும்னா அவகிட்டப் போய் நிக்கணும். எதுக்கு, எவ்வளவு, துடைச்ச துணி எங்க — மூணு கேள்வி. போன வாரம் ஆலைக்கும் கூடவே வந்துட்டா. ஒரு ட்ரம்முல மூடி வாஷர் நைஞ்சிருக்குன்னு ஏத்தவே விடல. ஆலைக்காரர், "அம்மாவ இங்கேயே வேலைக்கு விட்டுட்டுப் போங்க"ன்னார்.

ஆனா ஒண்ணு, அழுத்தி எழுதறேன்: கொட்டாய் என் யோசனை. அவ சொல்லி நான் ஒண்ணும் மாத்தல. யாருக்கும் பயந்து எதையும் எடுக்கவும் இல்ல. நாளைக்கே அவ முகத்துக்கு நேரா சொல்வேன், அக்கா, இந்த வீட்டுல நான் — இரு, ஹார்ன் அடிக்கறா, ஆலைக்குக் கிளம்ப வண்டியில ஏறி உக்காந்தாச்சு போல. காலி ட்ரம்மக் கட்டின பட்டைய இன்னொரு தடவை இழுத்துக் கட்டச் சொல்லிக் கத்தறா, நான் போய் ஒரு வார்த்த