நீ தூங்கவில்லை, அண்ணா

அண்ணா,

காலையில் வாசல் தெளிக்கப் போனபோது முதலில் மூக்கில் ஏறியது பசை வாசனை. நம் சுவரில் புது போஸ்டர். கூட்டமாம். அதே பேச்சாளர்.

பாகிஸ்தானோடு சண்டை நடந்த வருஷம் அவர் பேச்சைக் கேட்கத்தான் நீ முதல்முதலாகப் போனாய். மறுநாள் தறியில் உட்கார்ந்ததும் ஆரம்பித்துவிட்டாய். உன் பக்கத்தில் உட்கார்ந்து சேலைக் கரைக்கு நாடா தள்ளத்தானே என்னை ஆறாம் வகுப்போடு நிறுத்தினார்கள்? நீ பேசுவதையெல்லாம் நான்தான் கேட்டாக வேண்டும். பாய்மார் வீட்டு ரேடியோக்களில் அந்த நாட்டுச் செய்திதான் ஓடுகிறது என்றாய். நீ அந்த வீடுகளுக்குள் போனதே இல்லை. போகப் போக உன் வாயில் அவருடைய வார்த்தைகள் மட்டுமே இருந்தன.

வளையல்கார பாயுமா என்று ஒரே ஒரு முறை கேட்டேன்.

"ஊமைச்சிக்குக்கூட வாய் வந்துடுச்சுபா" என்று சிரித்தாய். பிறகு சிரிக்காமல், "எல்லாருந்தான்" என்றாய்.

சின்ன வயதில் பாயின் வளையல் பெட்டியைப் பிடித்துக்கொண்டு தெருக்கோடி வரை போனவன் நீ. நமக்குக் காய்ச்சல் வந்தால் அம்மா பள்ளிவாசல் முன்னால் தூக்கிக்கொண்டு நிற்பாள். தொழுதுவிட்டு வருபவர்கள் ஓதி, முகத்தில் ஊதுவார்கள். பாதித் தெரு அங்கே நிற்கும். அந்த வருஷத்துக்குப் பிறகு ஒருவரும் போவதில்லை.

போன ஆவணியில் நீ காய்ச்சலில் கிடந்தாய். அம்மா சொல்லியனுப்ப, பாய் சொம்பில் ஓதிய தண்ணீர் கொண்டுவந்தார். "அந்தாள உள்ள வுடாத. அந்தத் தண்ணி எனக்கு வேணாம்" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாய். நான் வாசலுக்குப் போய், அண்ணன் தூங்குகிறது என்றேன்.

"தூங்கட்டும்மா, எழுப்பாத. எழுந்ததும் ஒரு வாய் குடு."

கொட்ட மனம் வராமல் துளசிக்கு ஊற்றினேன்.

அது உன்னைக் காப்பாற்றியிருக்கும் என்று நான் நினைக்கவில்லை. ஆஸ்பத்திரி ஊசிக்கே அந்தக் காய்ச்சல் கேட்கவில்லை. ஆனால் பாய் என்னைப் பார்க்கும்போதெல்லாம், நீ அதைக் குடித்தாயா என்று கேட்கிறார். குடித்தது என்கிறேன். அவர் முகம் தெளிகிறது. சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது, அண்ணா.

இன்று மத்தியானம் அவர் தெருவில் வந்தார். யாரும் கூப்பிடவில்லை. எந்த வாசலிலும் நிற்காமல் நடந்தார். நான் தறியை விட்டு எழுந்து, பின்னாலேயே ஓடி அவரை நிறுத்தினேன்.

"பாய், அன்னிக்கு அண்ணன் தூங்கல. உங்க தண்ணி வேணாம்னு சொல்லிச்சு. நான்தான் பொய் சொன்னேன்."

பிறகு அங்கேயே தெருவில் உட்கார்ந்து, வளையல் போடச் சொல்லிக் கையை நீட்டினேன்.